150 வெள்ளி கட்டணும்னா யாரும் போகமாட்டாங்களா?

மணியம் மாமா: 2005ல அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங் சிங்கப்பூர்ல கசினோ (சூதாட்டக்கூடம்) வரும்னு அறிவிச்சப்ப எவ்வளவு எதிர்ப்பு! இப்ப என்ன கெட்டுப்போச்சு? சூதாட்டப் பிரச்சினை உள்ளவங்க அப்ப 4.1%, 2020ல 1.2%. உள்ள போகக் கட்டுற கட்டணம், அதான் லெவி, அதையும் 2019ல 100 வெள்ளில (டாலர்ல) இருந்து 150 ஆக்கிட்டாங்க. வேலைவாய்ப்பு வேற.

குமரன்: மாமா, 2014ல அது 0.7%. அங்கேருந்து திரும்ப ஏறித்தான் 1.2. அதுவும் ஆளையே கேட்டு எடுக்கிற கணக்கு. கடன் வாங்கி ஆடுறவன் உண்மையைச் சொல்வானா?

குமரன்: லெவி தடுக்கிறது எப்பவாவது போறவங்களைத்தான். ஒருதடவை கட்டினா 24 மணி நேரம் செல்லும். பழகினவன் "போட்ட 150ஐ எடுக்காம எழுந்திரிக்கமாட்டேன்"னு விடியவிடிய உட்காருவான். ஒரு வருஷத்துக்கான லெவியா மொத்தமா 3,000 கட்டினவன் 20 நாளுக்கு மேல போனாத்தான் லாபம்னு நினைப்பான்.

செல்வி அக்கா: உட்கார உட்காரத்தான் பணம் போகும். ரூலெட்னா சுத்துற சக்கரத்துல பந்து எந்த எண்ணுல விழும்னு பந்தயம் கட்டுறது. ஒரே பூஜ்யம் இருக்கிற ரூலெட்ல 37 எண், ஒரே ஒரு எண்ணுல வெச்சு ஜெயிச்சா 35 மடங்குதான். 100 வெள்ளி வெச்சா சராசரி 2.70 கசினோவுக்கு. 25 வெள்ளி வீதம் மணிக்கு 40 சுத்து, 10 மணி நேரம்னா 270 வெள்ளி. லெவியோட 420. பக்கராட் சீட்டாட்டத்துல "டை"க்கு, அதாவது ரெண்டு பக்கமும் சமமா வரும்னு கட்டினா, 8 மடங்குன்னு ஆசை காட்டுவாங்க. அதுல 100க்கு 14 வெள்ளிக்கு மேல போயிடும்.

மாலதி: வீட்டுல ஒருத்தர் இப்படி மாட்டிக்கிட்டா என்ன செய்யணும் அக்கா?

செல்வி அக்கா: என்சிபிஜில (சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம்) அவரை கசினோவுக்குள்ள விடாத குடும்பத் தடை ஆணைக்கு மனு போடணும். கணவன் மனைவி, அப்பா அம்மா, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க போடலாம். பேங்க் ஸ்டேட்மென்ட், அடகு ரசீது, ஆ லோங் (சட்டவிரோதமா வட்டிக்கு விடுறவன்) அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து வைக்கணும். வெறும் வாய்ச்சொல்லா இருந்தா அவர் "பொழுதுபோக்குக்குப் போனேன்"னு மறுத்திடுவார். மன்றத்தோட குழு ரெண்டு பக்கமும் விசாரிக்கும். முழுத்தடை வேண்டாம்னா மாசத்துக்கு இத்தனை தடவைன்னு வரம்பு கேட்கலாம். அவரே மனசு வெச்சு தனக்குத்தானே தடை போட்டுக்கிற சுயதடை இன்னும் சுலபம், விசாரணை கிடையாது.

குமரன்: எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். மானம் போகுதேன்னு முதல்ல கடனை அடைச்சிடுறாங்க. கை காலியானதும் புதுக்கடன். ஆணை வாங்கிட்டு அப்புறம் கடனைப் பாருங்க. அந்த ஆணை மலேசியாவுல இருக்கிற கெந்திங் மலை கசினோலயோ சூதாட்டக் கப்பல்லயோ செல்லாது. திருட்டு இணையதளத்தையும் தடுக்காது. ஃபோனையும் பேங்க் கணக்கையும் வீட்டுல ஒருத்தர் கவனிக்கணும்.

மணியம் மாமா: வொர்க் பர்மிட்ல வந்த வெளிநாட்டு ஊழியருங்க?

செல்வி அக்கா: அதுதான் எனக்கு ஆத்திரம் மாமா. லெவி குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்) மட்டும். ஊர்ல கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கொட்டிட்டு வந்த பையன், 21 வயசு ஆச்சுன்னா பாஸ்போர்ட்டைக் காட்டி சும்மா உள்ள போயிடலாம். சம்பள நாளுக்கு முன்னாடியே சுயதடை போட்டுக்கச் சொல்லணும்.

மணியம் மாமா: சரிம்மா, சூதாட்டப் பிரச்சினைக்கு உதவி கேட்கிற நம்பரைப் போடு. டோர்மிட்டரி பசங்களுக்கு அனுப்புறேன்.

செல்வி அக்கா: 1800-6-668-668