வெள்ளத்தில் போன அட்டையும் ஆச்சியின் ஓட்டும்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்
20 மார்ச் 2024

சித்தி: ஏ மக்கா, டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டு பீரோவில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டதே, அதில் ஆச்சியின் வாக்காளர் அட்டையும் போச்சு. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் ஓட்டு. என்ன செய்ய?

மதினி: அட்டை போனால் ஓட்டு போகாது சித்தி. பட்டியலில் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போட்டு முதலில் அதைப் பாருங்கள். ஆதார், பான், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, எதைக் காட்டினாலும் விடுவார்கள்.

சித்தப்பா: ரேஷன் கார்டுதான் மிச்சம். சகதியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

மதினி: அது செல்லாது சித்தப்பா. பூத் சிலிப்பும் தனியாகச் செல்லாது. நான் தேர்தல் டியூட்டி பார்த்த பூத்தில் ஒரு தாத்தா சிலிப்பை மட்டும் நீட்டினார். வெயிலில் மறுபடி வீட்டுக்கு நடந்து போய் பாஸ்புக் எடுத்து வந்தார். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

தம்பி: ஆச்சிக்கு 87 வயசு மதினி. பூத் வரை எப்படி நடப்பாள்?

மதினி: நடக்கவே வேண்டாம். 85 தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். இந்த மாதம்தான் 80ஐ 85 ஆக்கினார்கள். அதற்கு 12டி படிவம். இன்றைக்குத் தேர்தல் அறிவிக்கை வந்துவிட்டது, 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பூத் லெவல் அலுவலர் வீட்டுக்கே கொண்டு வருவார். வராவிட்டால் நாமே தேடிப் போய்க் கேட்க வேண்டும். ஒன்று, 12டி கொடுத்து ஏற்றுக்கொண்டால் அப்புறம் பூத்தில் போட முடியாது.

சித்தி: ஆச்சி யாருக்குப் போடுகிறாள் என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே?

மதினி: தெரியாது. மறைவாக டிக் அடித்து, உறையில் போட்டு, அவளே ஒட்டிக் கொடுப்பாள். வீடியோ எடுப்பார்கள், ஆனால் சீட்டில் குறியிடுவதை எடுக்கக் கூடாது. அந்த நேரம் நீங்கள் எல்லாரும் அடுக்களையில் இருங்கள்.

சித்தப்பா: ஓட்டு அன்றைக்கே ஆறு பெருகி வந்தால்?

மதினி: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 57ஆம் பிரிவுப்படி பூத் தலைமை அலுவலரே ஓட்டுப்பதிவைத் தள்ளி வைக்கலாம். வேறு நாளில் நடத்துவார்கள். 2021இல் கொரோனா நோயாளிகளுக்கென்று கடைசி ஒரு மணி நேரம் ஒதுக்கி, கவச உடை கொடுத்து ஓட்டுப் போட வைத்தார்களே. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களையும் அப்படித்தான் தேடிப் போக வேண்டும். ஆற்றங்கரையில் வாடகைக்கு இருந்தவர்கள் எத்தனை பேர் இடம் மாறிவிட்டார்கள்! அவர்கள் பேர் இன்னும் பழைய பூத்தில்தான் கிடக்கும்.

சித்தி: ஆமா, பக்கத்து வீட்டு அக்கா மேலப்பாளையம் போய்விட்டாள். அவளிடம் இப்பவே சொல்கிறேன்.

தம்பி: சித்தப்பா, நாளைக்குக் காலையில் 12டி வாங்கப் போவோம். நான் வண்டி எடுத்து வருகிறேன்.