கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்த தண்டனை: பழைய ஆவணத்தை எங்கே தேடுவது? (சாத்தூர் பக்கம்)

கரிசல்காட்டான்:
வணக்கம். என் அப்பாவின் தாத்தா ஒரு கொலைக் கேசில் மாட்டி அந்தமானுக்குப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் வாய் திறந்ததில்லை. விவரம் சொல்ல இப்போது ஒரு சித்தப்பா மட்டும்தான் இருக்கிறார். அவர் கொள்ளுத்தாத்தாவைத் தியாகியாகவே ஆக்கிவிட்டார். வெள்ளைக்காரனை வெட்டினாராம். எனக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

ஊர் சாத்தூர் பக்கம். போர்ட் பிளேர் போனபோது செல்லுலார் ஜெயில் கல்வெட்டுகளில் பெயர் தேடினேன், இல்லை. விருதுநகர் கோர்ட்டில் கேட்டேன். நாம் அப்போது ராமநாதபுரம் ஜில்லா என்று தாத்தா சொல்வார், அதனால் அங்கேயும் கேட்டேன். இரண்டு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள்.

கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம், கொள்ளுப்பாட்டி நிலம் விற்ற கிரயப் பத்திரம். இங்கிலீஷ் தேதி இருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது. "சார்வரி வருஷம் ஆவணி மாதம்" என்பது தெரிகிறது. புருஷன் கேசுக்கு வக்கீல் பீஸ் கொடுப்பதற்காக விற்பதாக ஒரு வரி இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
தம்பி, அந்தக் காகிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சார்வரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1840, 1900, 1960. உங்கள் தலைமுறைக் கணக்குக்கு 1900தான் ஒத்துவரும். ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவு வரை. கேஸ் அப்போது நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது ஜில்லா. ராமநாதபுரம் ஜில்லாவே 1910இல்தான் உருவானது. மதுரையிலிருந்து கொஞ்சம், திருநெல்வேலியிலிருந்து கொஞ்சம் வெட்டி ஒட்டினார்கள். சாத்தூர் தாலுகா அதுவரை திருநெல்வேலியில் இருந்தது. விருதுநகர் ஜில்லா வந்தது 1985இல். உங்கள் தாத்தா சொன்னது பொய்யில்லை, அவருக்கு விவரம் தெரிந்தபோது அது ராமநாதபுரம்தான். அவருடைய அப்பாவின் கேஸ் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

ஆனால் உடனே திருநெல்வேலிக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். கீழ்க்கோர்ட்டுக் கேஸ் கட்டுகளைக் குறிப்பிட்ட காலம் கழித்து அழித்துவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டு ரெக்கார்டு ரூமில் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

மணிமுத்தாறு:
நான் கேள்விப்பட்டவரை அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களைக் கைரேகைச் சட்டத்தில் பதிந்தார்கள். அந்த ரிஜிஸ்தரில் பார்க்கலாமே?

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
அது இங்கே பொருந்தாது. நீங்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே 1871இல் வந்தது, சென்னை மாகாணத்துக்கு நீட்டித்தது 1911இல். இவர் கேஸ் 1900. தவிர, அந்த ரிஜிஸ்தரில் பெயர் இருந்தால் தண்டனை பெற்றவர் என்று அர்த்தமில்லை. ஒரு குற்றமும் செய்யாதவர்களையும் பிறந்த சாதிக்காகக் கைநாட்டு வாங்கி எழுதி வைத்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் செத்துப்போனவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

எழும்பூர் வாசகி:
கல்வெட்டில் பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே பொறித்திருப்பது அரசியல் கைதிகளின் பெயர்கள். அந்தமான் கைதிக் குடியேற்றம் 1858இல் தொடங்கியது. செல்லுலார் ஜெயிலைக் கட்டியதோ 1896 முதல் 1906 வரை. கொலை, கொள்ளைக் கேசில் போன ஆயிரக்கணக்கான பேருக்குக் கல்வெட்டு எதுவும் கிடையாது. போர்ட் பிளேரில் இருந்த பழைய பதிவுகளும் 1942இல் ஜப்பான்காரர்கள் பிடித்த பிறகு ஏராளமாக அழிந்துபோயின.

இன்னொன்று. தீவாந்திர சிட்சை, அதாவது கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை, விதித்தார்கள் என்பதாலேயே ஒருவர் கப்பல் ஏறிவிட்டார் என்று சொல்ல முடியாது. வ.உ.சி.யையே பாருங்கள். 1908இல் இதே திருநெல்வேலியில் ஜட்ஜ் பின்ஹே அவருக்கு இரட்டைத் தீவாந்திரம், 40 வருஷம் விதித்தார். ஹைகோர்ட் குறைத்தது. அவர் கிடந்தது கோயம்புத்தூர், கண்ணனூர் ஜெயில்களில். அந்தமானுக்கு அவர் போகவே இல்லை.

நான் தேடினால் இப்படித் தேடுவேன். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையோடு, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். நீதித் துறை அரசாணைகளின் வருடாந்திர அட்டவணையில் 1900, 1901, 1902 மூன்றையும் கேளுங்கள். தண்டனை பெற்றவருக்காக வீட்டார் கவர்னருக்குக் கருணை மனு போடுவது அப்போது சாதாரணம். மனு தள்ளுபடியானாலும் அரசாணை எண் விழுந்திருக்கும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், மனுக்கள், கைதிகள் என்ற தலைப்புகளின் கீழும் பாருங்கள். நம் பெயர்களை வெள்ளைக்காரக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கருப்பனுக்கே நாலு எழுத்துக்கூட்டல் உண்டு.

தூக்கு விதித்திருந்தால் வேலை இன்னும் சுலபம். செஷன்ஸ் ஜட்ஜ் கொடுத்த தூக்கை ஹைகோர்ட் உறுதி செய்தே ஆக வேண்டும், அதனால் அங்கே தனிப் பதிவு இருக்கும். சட்ட நுணுக்கம் ஏதாவது இருந்தால் தீர்ப்புத் தொகுதிகளில் அச்சாகியும் இருக்கலாம். 1901 ஜனவரிக்கு முன் என்றால் எதிர்த்தரப்பு "குயின் எம்ப்ரஸ்", விக்டோரியா ராணி இறந்த பிறகு "கிங் எம்பரர்".

உண்மையிலேயே அந்தமான் போயிருந்தால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். உள்துறையில் போர்ட் பிளேர் என்றே தனிக் கிளை இருந்தது. அவர்களுடைய அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

சிந்துப் பிரியன்:
கொலை பெரிதாகப் பேசப்பட்டிருந்தால் கொலைச்சிந்து பாடியிருப்பார்கள். காலணா, அரையணாவுக்குச் சந்தையில் விற்ற பாட்டுப் புத்தகம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் இந்த மாதிரிக் குஜிலிப் பதிப்புகள் இருக்கின்றன. ஊர்ப்பெயர் கிடைத்தாலே லாபம். ஆனால் சிந்தில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம், அழவைப்பதற்காக எழுதியது.

கரிசல்காட்டான்:
மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கிடைத்துவிட்டது. 1900 அட்டவணையில் இல்லை. 1901இல் மனுக்கள் தலைப்பில், திருநெல்வேலி என்று போட்டு, பெயரில் இரண்டு எழுத்து மாறிக் கிடந்தது. வாசகி அக்கா சொல்லியிருக்காவிட்டால் தாண்டிப் போயிருப்பேன்.

மனுப் போட்டது கொள்ளுப்பாட்டி. வெட்டுப்பட்டவர் வெள்ளைக்காரர் இல்லை, சொந்தப் பங்காளி. பொதுக் கிணற்றில் யார் கமலை (மாடு பூட்டி நீர் இறைப்பது) எந்த நாள் இறைப்பது என்ற முறைத் தகராறு. பிரிவு 302இல் (கொலை) தொடங்கி 304இல் (கொலையாகாத மரணம் விளைவித்தல்) முடிந்திருக்கிறது. பத்து வருஷம் கடுங்காவல், கோயம்புத்தூர் சென்ட்ரல் ஜெயில். நிலத்தை விற்றுவிட்டேன், கைக்குழந்தை இருக்கிறது, தண்டனையைக் குறையுங்கள் என்று எழுதி, கீழே கைநாட்டு. அந்தக் கைக்குழந்தைதான் என் தாத்தா. சர்க்கார் பதில் ஒரே வரி: தலையிடக் காரணம் இல்லை.

குழப்பம் என்னவென்றால், இதில் அந்தமானே வரவில்லை. அவர் ஊர் திரும்பவும் இல்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
கடுங்காவல் என்றால் கப்பல் கிடையாது தம்பி. பக்கத்து ஜில்லாவைத் தாண்டினாலே ஊரில் "அந்தமான்" என்றுதான் சொல்வார்கள். தண்டனையில் கழித்துவிடும் தள்ளுபடி நாட்கள் போக 1910க்குள் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு வழி. ஜெயிலிலேயே இறந்திருந்தால் மரணப் பதிவு உங்கள் ஊரில் இருக்காது, கோவையில் இருக்கும். 1900 முதல் 1910 வரை கோவை மாநகராட்சியில் பழைய மரணப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், ஜெயிலிலும் எழுத்து மூலம் கேளுங்கள். வெளியே வந்தும் வீட்டுக்கு வராதவர் என்றால் அது வேறு கதை. பங்காளியைக் கொன்றுவிட்டு அதே ஊருக்குத் திரும்புவது லேசில்லை. ரங்கூன், கொழும்பு என்று போனவர்கள் உண்டு.

எழும்பூர் வாசகி:
மனுவின் தமிழ் மூலம் கோப்பில் இருந்ததா, இல்லை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு மட்டுமா? மூலம் இருந்தால் அதற்கும் சேர்த்து நகல் கேளுங்கள். அரசாணை எண்ணும் தேதியும் சரியாக எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கரிசல்காட்டான்:
இரண்டும் இருந்தன அக்கா, இரண்டுக்கும் நகல் வாங்கிவிட்டேன். கோவைக்கு அடுத்த மாதம் போகிறேன். சித்தப்பாவுக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை.