கேக் நடுவில் அமுங்குகிறது, நாளை பிறந்தநாள், உதவுங்கள்!

கோவைக்கிளி:
நாளை சாயங்காலம் அம்மாவுக்குப் பிறந்தநாள். ஒத்திகையாக இன்று சாக்லேட் கேக் செய்து பார்த்தேன். நன்றாக எழும்பியது, இறக்கியதும் நடுவில் பெரிய குழி. ருசியும் ஒரு மாதிரி. அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். சீக்கிரம் சொல்லுங்க!

ரவாலட்டு:
ஓவனா குக்கரா? முட்டை உண்டா? எவ்வளவு நேரம் வைத்தீங்க?

தயிர்சாதம்:
முட்டை போடாமல் செய்திருப்பீங்க. 3 முட்டையை நுரைக்க அடித்து ஊற்றுங்க, குழியாவது ஒன்றாவது.

கோவைக்கிளி:
குக்கர்தான். நாளை சனிக்கிழமை, அம்மா முட்டை தொடமாட்டாங்க. ஒன்றரை கப் மைதா, ஒரு கப் தயிர்.

கேக்வாத்தியார்:
கேள்வி கேட்கும் முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. எத்தனை தடவைதான் எழுதுவது? காபி டம்ளர் கப் ஆகாது. 1 கப் என்றால் 240 மி.லி. மைதா அதில் சுமார் 125 கிராம் பிடிக்கும். முதலில் ஒரு தராசு வாங்குங்கள், மற்றது பிறகு.

தயிர்சாதம்:
வாத்தியாரே, ராத்திரி பத்து மணிக்குத் தராசுக்கு எங்கே போவாங்க?

சுண்டல்மாமி:
கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றினாயா கண்ணு? அடியில் உப்புப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, 10 நிமிஷம் காயவிட்டு அப்புறம்தான் டின்னை இறக்கணும்.

பழைய_இரும்பு:
தண்ணீரில்லாமல் குக்கரைக் காயவிடவே கூடாது, அலுமினியம் வீணாகும். கையேட்டிலேயே போட்டிருக்கும்.

சுண்டல்மாமி:
கையேட்டை வைத்துக்கொண்டு நீங்களே கேக் சுடுங்க. எங்க வீட்டில் பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியாச்சு.

பழைய_இரும்பு:
பழசு இருப்பவர்களுக்குச் சரி. இருக்கிற ஒரே குக்கரில் நாளைக்குச் சாம்பார் வைக்கவேண்டாமா? அடி கனமான பாத்திரமும் இறுக்கமான மூடியும் போதும்.

ரவாலட்டு:
குக்கர் சண்டையைத் தனி இழையில் போடுங்கப்பா. கிளி, ருசி எப்படி? சோப்பு மாதிரியா?

கோவைக்கிளி:
ஆமாம் அதேதான்! லேசாகக் கசக்கவும் செய்தது. பேக்கிங் பவுடர் தீர்ந்திருந்தது, ஒன்றரை டீஸ்பூனும் ஆப்ப சோடாவே போட்டேன். இரண்டும் ஒன்றுதானே?

ரவாலட்டு:
இல்லவே இல்லை. சோடாவுக்கு பேக்கிங் பவுடரைப்போல சுமார் மூன்று மடங்கு வேகம். நீங்க போட்ட அளவை அடக்கத் தயிரின் புளிப்பு பத்தாது, மிச்ச சோடாதான் சோப்பு மாதிரி தெரிகிறது. அதோடு மாவு மளமளவென்று எழும்பி, நடுப்பகுதி வெந்து கெட்டியாகும் முன்பே காற்று போய்விடும். இந்த அளவுக்கு அரை டீஸ்பூன் சோடா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்க. பவுடர் காலையில் கடையில் கிடைக்கும். நடுவில் மூடியைத் திறந்தீங்களா?

கோவைக்கிளி:
20 நிமிஷத்தில் ஒரு தடவை, சும்மா பார்க்க.

ரவாலட்டு:
அதுவும் ஒரு காரணம். முதல் 30 நிமிஷம் தொடாதீங்க. தீ சிம்மில் இருக்கட்டும். குச்சி குத்தினால் ஈரமாவு ஒட்டக்கூடாது. கிரீம் பூசுவதானால் நன்றாக ஆறவிடுங்க, சூட்டில் பூசினால் உருகி வழியும்.

கேக்வாத்தியார்:
இதைத்தான் நானும் சொன்னேன். எல்லாம் அளவுதான்.

தயிர்சாதம்:
நீங்க எங்கே சோடாவைப் பற்றிச் சொன்னீங்க?

கோவைக்கிளி:
வந்துடுச்சு! மேலே சின்ன விரிசல், கிரீம் மூடிவிட்டது. அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி, விருந்தாளிகள் இருக்காங்க.

சுண்டல்மாமி:
உப்புப் பரப்பினாயா இல்லையா, அதைச் சொல்லிட்டுப் போ!