வால்பாறை மலைப்பாதையில் பார்த்து, இன்னும் மறக்க முடியாதது எது?

கோவைக்காரன்:
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. ஆழியாரிலிருந்து ஏறுகிறவர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. வரையாடு சுவர்மேல் நிற்கும், எல்லோரும் வண்டியை நிறுத்துவோம். அன்று நின்றது முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்த பெரிய கடா. முன்னாலிருந்த காரிலிருந்து யாரோ சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்கள். உள்ளே இருந்தது கொட்டிப் போயிற்று. அது உப்பு ஒட்டிய கவரையே கவ்விக்கொண்டு சுவரைத் தாண்டிவிட்டது. செங்குத்துப் பாறையில் ஏறுகிறது, வாயோரத்தில் மஞ்சள் கவர் பளபளக்கிறது. காருக்குள் கைதட்டல்! மாநில விலங்கு சார் அது. அக்டோபர் 7-ஐ வரையாடு தினம் என்று வேறு கொண்டாடுகிறோம். அந்தக் கவரை விழுங்கியதா, துப்பியதா? தெரியவில்லை.

சோலைமந்தி:
கோவைக்காரன், 'எல்லோரும் நிறுத்துவோம்' என்று நீங்களே எழுதிவிட்டு சிப்ஸ்காரரை மட்டும் திட்டினால் எப்படி? நின்று நின்றுதான் அது சாலைக்குப் பழகியது.

வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் நான் பார்த்ததும் இதே கதைதான். சிங்கவால் குரங்குகள் அடிபடாமல் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு ஒரு தாய் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டது. கீழே ஒரு வேன் பிரெட் துண்டுகளை வீசியது. அவ்வளவுதான், திரும்பி மரத்தோடு இறங்கித் தார் ரோட்டுக்கே வந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரெட் தின்கிறது.

எஸ்டேட் பொண்ணு:
எனக்கு யானை. ராத்திரி கடைசி பஸ். யானை பக்கத்தில் இருந்தால் எரியுமே, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் பார்த்ததும் நிறுத்தி விளக்கையும் இன்ஜினையும் அணைத்துவிட்டார். தேயிலைக்குள்ளிருந்து கூட்டமாக வந்து பஸ்ஸை ஒட்டியே கடந்தன. நான் ஜன்னலோரம். தும்பிக்கை இல்லை, தந்தம் இல்லை, எனக்கு நினைவிருப்பது அதன் வயிற்றுக்குள் உருண்ட சத்தம்தான். ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. மறுநாள் கேட்டால் கீழே ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்றிருக்கின்றன. அந்த மாதம் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு அரிசி தாமதம்.

மலைப்பாதை மணி:
நல்ல அனுபவங்கள். நான் பார்த்தது மலை இருவாட்சி, தலைக்கு மேல் பறந்தபோது பழைய ரயில் இன்ஜின் மூச்சுவிடுவது போலச் சத்தம். அவ்வளவுதான்.

சரி, புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 40 வளைவு. ஏறும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும், சமவெளிக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகல் வாடை வரும். பனிமூட்டத்தில் ஹை பீம் போடாதீர்கள், நமக்கே கண் கூசும். வளைவில் ஓவர்டேக் வேண்டாம். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வரையாடுதான் பார்க்க வேண்டுமென்றால் மூணாறு பக்கம் இரவிகுளம் போங்கள், ஆனால் குட்டி போடும் பருவம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். யானை நின்றால் ஹாரன் அடித்து...

எஸ்டேட் பொண்ணு:
மணி அண்ணா, ஹாரன் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். அடித்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், மிரண்ட யானை ராத்திரி எங்கள் லைன் பக்கம்தான் சுற்றும்.

மலைப்பாதை மணி:
அடிக்கக் கூடாது என்றுதான்மா எழுத வந்தேன், பாதியில் போஸ்ட் ஆகிவிட்டது. அப்புறம் டயர் காற்று பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

கோவைக்காரன்:
சோலைமந்தி, நான் நிறுத்தினேன், ஆனால் எதையும் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றா?

சோலைமந்தி:
ஆட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா சார்?