80-ஐத் தாண்டினால் பிக்கப் ஸ்டீயரிங் நடுங்குகிறது

2016 மாடல் டீசல் பிக்கப், 1.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஒட்டன்சத்திரத்திலிருந்து சேலத்துக்குக் காய்கறி ஏற்றுகிறேன். மூன்று வாரம் முன்பு கரூர் பைபாஸில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கியது. அன்றிலிருந்து 80 தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. 95-க்கு மேல் கொஞ்சம் அடங்கும். பிரேக் போட்டால் கூடுவதில்லை, அதனால் டிஸ்க் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டு முறை பேலன்சிங் (சக்கர எடையைச் சமன் செய்வது), ஒரு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரி செய்வது) பார்த்தாயிற்று. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், சக்கர பேரிங் எதிலும் ஆட்டம் இல்லை. அப்புறம் முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டேன். ஸ்டீயரிங் நடுக்கம் குறைந்தது, ஆனால் சீட் அதிரத் தொடங்கியது. கோளாறு சக்கரத்தோடுதான் போகிறது என்று நினைக்கிறேன். ராத்திரி லோடோடு ஓட்டப் பயமாக இருக்கிறது.

ரிம் வளைந்திருக்கிறதா, டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அடுக்கு விட்டுப்போயிருக்கிறதா என்று பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி?