சோர்ஸ் செரிஃப் 4: அடிக்குறிப்பில் மெல்லிய கோடுகள் அறுந்து அச்சாகின்றன

கேள்வி: இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஆங்கில நூல் ஒன்று. பத்திகள் 10.5 பாயின்ட், அடிக்குறிப்பு 8. எல்லாமே சோர்ஸ் செரிஃப் 4 எழுத்துருவின் ‘டிஸ்ப்ளே ரெகுலர்’ வகை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ப்ரூஃபில் (சோதனை அச்சில்) செரிஃப் நுனிகள், அதாவது எழுத்து முனையில் உள்ள சிறு கோடுகள், அங்கங்கே அறுந்திருக்கின்றன. எழுத்துக்கு 0.1 பாயின்ட் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்தால் போதுமா?

பதில் 1: ஸ்ட்ரோக் வேண்டவே வேண்டாம். மெல்லிய கோட்டோடு தடித்த கோடும் சேர்ந்து பருக்கும், எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். டிஸ்ப்ளே தலைப்புக்காக வரைந்தது. இதே எழுத்துருவில் சிறிய அளவுகளுக்கான வகைகளும் உண்டு: அடிக்குறிப்புக்கு ‘கேப்ஷன்’, பத்திக்கு ‘எஸ்எம்டெக்ஸ்ட்’ போடுங்கள். டிஸ்ப்ளே அத்தியாயத் தலைப்பில் மட்டும் இருக்கட்டும். வேரியபிள் கோப்பு (எல்லா வகைகளும் ஒரே கோப்பில் அடங்கியது) என்றால் ‘ஆப்டிகல் சைஸ்’ அளவுகோல் 8 முதல் 60 வரை ஓடும். எழுத்தின் பாயின்ட் அளவையே அங்கே கொடுங்கள். பத்தி ஸ்டைலுக்குள் சேமியுங்கள், கையால் தேர்ந்த வரிகளில் மாற்றினால் பாதி விட்டுப்போகும்.

பதில் 2: காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடோபி மென்பொருள் நிறுவனத்துக்காக ஃபிராங்க் கிரீஸ்ஹாமர் இந்த எழுத்துருவை வரைந்தார். முதல் வெளியீடு 2014. அவர் முன்மாதிரியாகக் கொண்டது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அச்செழுத்துக் கலைஞர் ஃபூர்னியேவின் எழுத்துகளை. ஃபூர்னியே காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் உலோக அச்சைத் தனித்தனியே வெட்டினார்கள். சிறிய அளவில் மெல்லிய கோட்டைச் சற்றே தடிக்க விடுவார்கள். 2021இல் வந்த 4ஆம் பதிப்பின் அளவு வகைகள் அதே வேலையைச் செய்கின்றன. என்னைக் கேட்டால் இந்த எழுத்துருவின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஒரே வகையை எல்லா அளவுக்கும் போட்டால் கிரீஸ்ஹாமரின் உழைப்பில் பாதி வீண்.

கேள்வி: மாற்றிவிட்டேன். இப்போது அடிக்குறிப்புகள் அடுத்த பக்கத்துக்கு ஓடுகின்றன.

பதில் 1: ஓடத்தான் செய்யும். கேப்ஷனில் எழுத்தின் அகலமும் இடைவெளியும் கூடுதல். டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) குறைத்து நெருக்காதீர்கள்; படிக்க வசதியாக இருப்பதே அந்த இடைவெளியால்தான். 8ஐ 7.75 ஆக்கிப் பாருங்கள், அல்லது வரி இடைவெளியில் கால் பாயின்ட் குறையுங்கள். பொருளடக்கப் பக்க எண்களை இதற்குப் பிறகே புதுப்பியுங்கள்.

பதில் 2: எழுத்தின் கறுப்பையும் சரிபாருங்கள். நான்கு வண்ணக் கலவையாக இருந்தால், ஒவ்வொரு வண்ணத்துக்குமான அச்சுத் தகடுகள் துளி விலகினாலும் 8 பாயின்ட் எழுத்து மங்கும். கறுப்பு 100 சதவீதம், மற்ற மூன்று வண்ணங்களும் 0 என்று வையுங்கள். அடுத்த ப்ரூஃபை நூலுக்கான அதே தாளில், 100 சதவீத அளவில் கேளுங்கள்.