அண்டார்டிகா காந்த வரைபடம் விலகி நிற்கிறது: நிலை அட்சத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் சார்னோகைட் பாறைகளும் கிழக்கு அண்டார்டிகாவின் நேப்பியர் தொகுதிப் பாறைகளும் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒன்றாக இருந்த பழைய பெருங்கண்டமான கோண்ட்வானாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எப்படி ஒட்டியிருந்தன என்று ஒரு வரைபடம் போடுகிறேன். அண்டார்டிகா நிலத்தில் சுமார் 98 சதவீதம் பனிக்கு அடியில். அதனால் காந்தத் தரவுதான் கதி.

சிக்கல் இதுதான். சீனியர் ஒருவர் கொடுத்த பழைய காந்த முரண் (பாறைகளால் காந்தப் புலத்தில் வரும் ஏற்ற இறக்கம்) கோப்பில் எக்ஸ், ஒய், மதிப்பு மட்டும்தான் உண்டு. என்ன புரொஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை) என்ற குறிப்பே இல்லை. விண்டோஸ் 10இல் கியூஜிஐஎஸ் 3.34 என்ற வரைபட மென்பொருள். அடியில் பெட்மேப்2 (பனிக்கு அடியிலுள்ள தரையின் வரைபடம்), இபிஎஸ்ஜி 3031 என்ற அண்டார்டிகா துருவப் புரொஜெக்‌ஷனில் சரியாக நிற்கிறது.

காந்த அடுக்குக்கும் 3031 கொடுத்தேன். அண்டார்டிக் தீபகற்பத்தின் மேற்கோரம் ஓடும் பெரிய காந்தப் பட்டை, நம்ம மைத்ரி நிலையம் இருக்கிற குயீன் மாட் நிலத்தின் மேல் போய் உட்கார்ந்தது! மைய நெடுவரையை (வரைபடத்தில் நேர் மேலே போகும் தீர்க்கரேகை) மேற்கு 90 ஆக்கியதும் திசை சரியாகிவிட்டது. ஆனால் துருவத்தருகே பொருந்துவது, கடற்கரைக்குப் போகப் போக வெளியே தள்ளுகிறது. ஓரத்தில் 50 கிலோமீட்டருக்கும் மேல். நிலை அட்சம் (வரைபட அளவு துல்லியமாக இருக்கும் அட்சரேகை) தெற்கு 71, 70 இரண்டும் போட்டாயிற்று, பெரிய மாற்றமில்லை. அலகு மீட்டர்தான், அதைச் சரிபார்த்துவிட்டேன். கையால் இழுத்துப் பொருத்த மனமில்லை, அப்புறம் அந்த வரைபடத்தை யார் நம்புவார்கள்?

இடம் தெரிந்த இரண்டு புள்ளிகளை வைத்து இந்தக் கோப்பின் நிலை அட்சத்தைக் கணக்கிட வழி உண்டா?